வலையபட்டி லாரியின் மூன்றாவது பேரிங்

எத்தனை மைல் ஓடினால் ஒரு லாரி என்ஜினைக் கழித்துவிட்டுப் புதிது போட வேண்டும் என்று சென்ற மாதம் இரண்டு பேர் வந்து என்னிடம் கேட்டார்கள். நான் வேலை பார்த்த அதே காரைக்குடிப் பட்டறையில் இப்போது பிட்டர்களாக இருப்பவர்கள். இப்போதெல்லாம் பழைய என்ஜினைக் கழற்றி அனுப்பினால், சீர்செய்த வேறொரு என்ஜின் மதராஸிலிருந்து பெட்டியில் வந்து இறங்கிவிடுகிறதாம். எப்போது கழற்றுவது என்பதற்கு மட்டும் ஒரு எண் வேண்டும், நான் சொன்னால் சுவரில் எழுதி ஒட்டிவிடலாம் என்றார்கள். அப்படி எந்த எண்ணும் எனக்குத் தெரியாது என்றேன். மரியாதைக்குக் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

ஒரு காலத்தில் நானும் எண் சொல்லிக்கொண்டிருந்தவன்தான். அதை நிறுத்தியது வலையபட்டி லாரி வந்த வருஷம். அந்தப் பிள்ளைகளிடம் வாயால் சொல்லியிருந்தால் பாதியை விட்டிருப்பேன். அதனால் எழுதுகிறேன்.

நான் இந்தத் தொழிலை எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்கவில்லை. பதினாறு வயதில் ரங்கூனுக்குக் கப்பலேறினேன். அங்கே ஓர் அரிசி ஆலையில் என்ஜினைத் துடைக்கும் வேலையில் சேர்ந்து, என்ஜினை ஓட்டும் வேலை வரைக்கும் வந்தேன். பத்து வருஷத்துக்கு மேல் இருந்தும் அந்த ஊர்க் காய்ச்சல் என்னை விடவில்லை. ஊருக்குத் திரும்பியபோது காரைக்குடிப் பக்கம் மோட்டார் பெருகிக்கொண்டிருந்தது. பர்மாவிலும் மலாயாவிலும் தொழில் செய்த வீடுகளில் கார் வந்துவிட்டது. நாலு திசைக்கும் பஸ் ஓடியது. சாலைகளெல்லாம் செம்மண். வண்டிகள் அந்தத் தூசியைக் குடித்துக் குடித்து, பட்டறைக்கு வேலை குறையாமல் பார்த்துக்கொண்டன. மோட்டார்ப் பட்டறையில் பிட்டராகச் சேர்ந்தேன்.

எனக்கு மேலே போர்மேனாக இருந்தவர் ஆரோக்கியசாமி. திருச்சியில் ரயில்வே வேலை பழகியவர். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். முதலில் எனக்கு அது உறுத்தியது, மறைப்பதற்கில்லை. மெலிந்த உருவம், சத்தமில்லாத பேச்சு. சட்டைப் பையில் எப்போதும் ஒரு பென்சிலும், துணியில் சுற்றிய, மயிரிழைக் கனத்தையும் அளக்கும் மைக்ரோமீட்டரும் இருக்கும். அதைத் தொடுமுன் கையை மண்ணெண்ணெயில் கழுவி, சோப்புப் போட்டு, துடைத்து, காயும்வரை நிற்பார். யாராவது ஓடி வந்து, "ஸார், என்ஜின் போச்சு" என்றால், "எங்க போச்சு?" என்று கேட்பார். கிண்டல் இல்லை. எந்த இடத்தில் என்ன ஆயிற்று என்று சொல்லும்வரை அவர் எழுந்திருக்க மாட்டார்.

எதையும் ரிப்பேர் செய்தே தீருவது என்ற பிடிவாதமும் அவருக்குக் கிடையாது. ஒருமுறை திருப்பத்தூர் பஸ் ஒன்று வந்தது. என்ஜினின் இரும்புக் கட்டையில் விரிசலோ என்று சந்தேகம். இடத்தைத் துடைத்து, மண்ணெண்ணெய் தடவி, மறுபடி துடைத்து, மேலே சுண்ணாம்புக் கட்டியைப் பொடித்துத் தேய்த்தார். சிறிது நேரத்தில் வெள்ளையின் மேல் தலைமுடி போல ஒரு கறுத்த கோடு ஈரமாக எழுந்து வந்தது. விரிசலுக்குள் புகுந்திருந்த மண்ணெண்ணெய். தகடு வைத்துத் தைத்துவிடலாம் என்று வண்டிக்காரர் மன்றாடினார். "முப்பது பேர் உட்கார்ற வண்டி. தைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார். அந்த என்ஜின் பழைய இரும்புக்குத்தான் போனது.

வலையபட்டி லாரி விசாலாட்சி ஆச்சியுடையது. அவருடைய வீட்டுக்காரர் பர்மாவில், மோல்மேனில் தொழில் பார்த்தார். வீடு கட்டச் சாமான் ஏற்றுவதற்காக அவர் வாங்கிய வண்டி. வீடு முடிந்த பிறகு ஆச்சியே அதை வெளிவேலைக்கு விட்டு நடத்தினார். டிரைவர் சேவுகன், பக்கத்துக் கிராமத்து ஆள். முதல் நாளிலிருந்து அந்த வண்டிக்கு அவன்தான்.

ஆவணி மாதக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை அந்த லாரியை மாடு கட்டி இழுத்து வந்து பட்டறையில் விட்டார்கள். அதன் பின்னாலேயே ஆச்சி வில்வண்டியில் வந்துவிட்டார். என்ஜினை ஓடவிட்டேன். நீலப் புகை. அடியில் மரச்சுத்தியால் அடிப்பது போல ஒரு தட்டல். மைல் மீட்டரைப் பார்த்தேன். அது நின்றுபோய் இரண்டு வருஷம் ஆயிற்று என்றான் சேவுகன். நின்ற இடத்திலேயே பெரிய எண்தான் இருந்தது. நான் நேராக வில்வண்டியிடம் போனேன்.

"ஆச்சி, இது ஓடுன ஓட்டத்துக்கு இனி இதுல கைவைக்கிறது வீண். மதராஸுக்கு எழுதிப் புது என்ஜின் வரவழைச்சிருங்க."

எனக்குப் பின்னாலிருந்து போர்மேன் கேட்டார். "கருப்பையா, திறந்து பார்த்தீங்களா?"

"இல்ல ஸார். ஓட்டத்தப் பாருங்க. புகையப் பாருங்க."

"திறக்காம சொல்லாதீங்க."

ஆச்சி என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "எப்பத்தான் சொல்வீக?"

"வெள்ளிக்கிழமை சொல்றோம் அம்மா" என்றார் போர்மேன்.

"நேமத்தான்பட்டியில எங்க சம்பந்தி வீட்டு வேலை நடக்குது. செவரு எந்திரிச்சு நிக்குது. மேல போடுற தேக்கு பூராம் தொண்டியில கெடக்கு. மழைக்கு முன்னால கொண்டாந்து சேத்துடறேன்னு நானே வாக்குக் குடுத்திருக்கேன். புது என்ஜின் வர்றதுக்குள்ள ஐப்பசி வந்துரும். மாட்டு வண்டி பேசணும்னா இப்பவே பேசணும், அதுவும் அத்தனை மரத்துக்குக் கெடைக்காது. வெள்ளிக்கிழமை காலையில வாரேன். ஒரே பேச்சாச் சொல்லிப்புடுங்க."

போர்மேன் அன்று மாலையே ஒரு வேலையாகத் திருச்சி போக வேண்டியிருந்தது. வியாழன் மாலைதான் திரும்புவார். போகும்போது என்னிடம் சொன்னார். "கேட்டதை எழுதுங்க, பார்த்ததை எழுதுங்க, அளந்ததை எழுதுங்க. நினைச்சதை எழுத வேண்டாம்." மைக்ரோமீட்டரை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதை அவர் வேறொருவர் கையில் கொடுத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

செவ்வாய்க்கிழமை காலையில் ஆரம்பித்தேன். முதலில் சத்தம். என்ஜினை மெதுவாக ஓடவிட்டு, ஒவ்வொரு பிளக்காக மின்சாரத்தை வெட்டிப் பார்த்தேன். ஒன்றை வெட்டினேன், இரண்டை வெட்டினேன், தட்டல் மாறவில்லை. மூன்றை வெட்டியதும் பாதியாக அமுங்கியது. நான்கில் மறுபடி பழையபடி. அதாவது தட்டல் மூன்றாவது சிலிண்டருக்குக் கீழே, பிஸ்டன் தண்டு, கிராங்க் என்ற சுழல் தண்டைப் பிடிக்கும் பேரிங்கில்.

அடுத்தது அழுத்தம். கைப்பிடி போட்டுச் சுற்றினால் நான்கு சிலிண்டரும் கொஞ்சம் தளர்ந்துதான் இருந்தன. பிளக் துளை வழியாக ஒரு கரண்டி எண்ணெய் விட்டுச் சுற்றினேன். நான்குமே இறுகின. வால்வு பழுதாக இருந்தால் எண்ணெய்க்கு இறுகாது. ஆக, தேய்ந்தவை பிஸ்டன் வளையங்கள். சிலிண்டர் எவ்வளவு தேய்ந்தது என்று பார்க்க மேல் மூடியைக் கழற்றினேன். வளையம் ஏறி இறங்கும் எல்லையில் ஒரு படி விழுந்திருக்கும், அதில் நகம் எப்படித் தட்டுகிறது என்று பார்ப்போம். லேசாகத்தான் தட்டியது. உள்ளே மேலும் நடுவிலும் கீழும் அளந்தேன். ஓடிய ஓட்டத்துக்கு அந்தத் தேய்மானம் மிகக் குறைவு. என்னால் நம்ப முடியாமல் கையைக் கழுவிவிட்டு மறுபடி அளந்தேன். அதே அளவு.

பிறகு எண்ணெயை வடித்து வெள்ளைத் துணியில் ஊற்றினேன். துணியில் வெள்ளைப் பொடி மினுங்கியது. பேரிங்கில் உருக்கி ஊற்றியிருக்கும் வொயிட் மெட்டல், டிரைவர்கள் பேச்சில் ஈயம், பொடிந்து வந்திருக்கிறது. எண்ணெய் நிற்கும் அடித்தொட்டியை இறக்கி, ஒன்று, இரண்டு, நான்கு பேரிங்குகளைத் திறந்தேன். மூன்றும் நன்றாக இருந்தன. கிராங்கில் அவை பிடிக்கும் இடங்களும் வட்டம் மாறவில்லை.

மூன்றாவதைத் திறந்தேன். வொயிட் மெட்டல் பெரும்பாலும் இல்லை. அதற்குப் பதிலாகக் கருகி, எண்ணெயில் ஊறி, இரும்போடு இரும்பாக ஒட்டிப்போன ஒரு துண்டு இருந்தது. கத்தி முனையால் கிளப்பி எடுத்து மண்ணெண்ணெயில் கழுவினேன். தோல். இடுப்பு பெல்ட்டிலிருந்து வெட்டிய தோல். ஓரத்தில் தையல் துளைகள்கூட இருந்தன.

தட்டுகிற பேரிங்குக்குள் தோலைத் திணித்தால் தட்டல் கொஞ்ச நாள் அடங்கும். வண்டி விற்கிறவர்கள் செய்கிற வேலை. தோல் எண்ணெயை உள்ளே விடாது, உள்ளே சேர்ந்த மண் அந்தத் தோலில் பதிந்து அரம் மாதிரி இரும்பை அறுக்கும். மூன்றாவது இடத்தில் கிராங்க் முட்டை வடிவமாகியிருந்தது.

சேவுகன் வெளியே நிழலில் உட்கார்ந்து மேல் மூடியின் கரியைச் சுரண்டிக்கொண்டிருந்தான். தோலைக் கொண்டுபோய் அவன் முன்னால் நீட்டினேன். அவன் கை நின்றுவிட்டது.

"எப்ப வச்ச?"

"ஆடிக் கடைசியிலண்ணே. தொண்டியிலருந்து மரத்தோட வரையில சத்தம் பெருசாயிருச்சு. நடுவழியில அடியில படுத்துக் கழட்டிப் பாத்தேன். ஈயம் உடைஞ்சு கெடந்துச்சு. லோடோட நின்னா என்ன செய்யிறது? பெல்ட்ட அறுத்து வச்சேன்."

"சரி, ஊரு வந்து சேந்துட்டயில்ல? அப்பவே இங்குட்டு ஓட்டிக்கிட்டு வந்திருந்தா இந்தக் கெதி வந்திருக்குமாடா?"

அவன் சுரண்டியைக் கீழே வைத்தான். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"அதுக்கு முந்தியே வந்தேன்லண்ணே. ஆடி பொறந்து ஒரு வாரத்துல. சத்தம் கேக்குதுன்னு உங்ககிட்டத்தான் சொன்னேன். நீங்க வால்வு சத்தம், ஓட்டுடான்னீக."

எனக்கு அது சட்டென்று நினைவுக்கு வரவில்லை. வந்தபோது முழுதாக வந்தது. அன்று ஒரு கல்யாணக் காருக்கு ரேடியேட்டர் மாட்டிக்கொண்டிருந்தேன். சேவுகன் லாரியைச் சாலையிலேயே ஓடவிட்டு நிறுத்தி, என்னைக் கூப்பிட்டான். நான் கையிலிருந்த ஸ்பானரைக்கூடக் கீழே வைக்கவில்லை. நின்ற இடத்திலிருந்து கேட்டு, வால்வு சத்தம் என்றேன். அப்போது திறந்திருந்தால் அரை நாள் வேலை. பேரிங்கை மட்டும் மாற்றியிருப்போம்.

"ரெண்டாவது தடவ வந்து கேட்டா, ஒனக்கு வண்டி ஓட்டத் தெரியலைன்னுவீகன்னு பயம்" என்றான் சேவுகன். "ஆச்சிகிட்டச் சொன்னா வண்டிய வித்துப்புடுவாகன்னு அது ஒரு பயம். எனக்கு வேற வண்டி யாரு குடுப்பா? அண்ணே, இதச் சொல்லிப்புடாதீக. ஓடித் தேஞ்சுபோச்சுன்னு சொல்லுங்க. நீங்களே அதத்தான மொதல்ல சொன்னீக."

அந்தப் பேச்சில்தான் நான் சிக்கிக்கொண்டேன். திங்கட்கிழமை எல்லார் முன்னாலும் நான் சொன்ன பேச்சுக்கு இந்தத் தோல் மட்டும்தான் எதிரி. அதை அடுப்பில் போட்டுவிட்டால், ஓடித் தேய்ந்த என்ஜின் என்று எழுதலாம். போர்மேன் என் அளவுகளைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். ஆச்சி மதராஸுக்கு எழுதுவார். சேவுகனுக்கும் பழியில்லை, எனக்கும் பழியில்லை. ஆனால் மைல்தான் காரணம் என்றால் நான்கு பேரிங்கும் தேய்ந்திருக்க வேண்டும். மூன்று நன்றாக இருக்க ஒன்று மட்டும் ஏன் போயிற்று என்று யாரும் கேட்காதபடி, நல்ல மூன்றின் அளவுகளையும் நான் மாற்றி எழுத வேண்டும். உடம்பு முழுக்க நன்றாக இருந்த ஒரு என்ஜினைக் கொன்றதாக ஆகும். ஆச்சி கொடுத்த வாக்கும் போகும்.

தோலைக் காகிதத்தில் சுற்றி என் கருவிப் பெட்டியில் வைத்தேன். செவ்வாய் போயிற்று, புதன் போயிற்று. சேவுகன் இரண்டு நாளும் காலையிலேயே வந்துவிட்டான். சொன்ன வேலையைச் செய்தான். மத்தியானம் அவன் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலே திரும்ப எடுத்துப் போனதைப் பார்த்தேன். எனக்கு அப்போது இரண்டு பெண் குழந்தைகள். இந்த வேலை போனால் மறுபடி கப்பல்தான், அந்தக் காய்ச்சல்தான்.

வியாழக்கிழமை காலையில் உட்கார்ந்து எழுதினேன். கேட்டது, பார்த்தது, அளந்தது. அளவுகள் எல்லாம் உள்ளபடி. கடைசியில் காரணம் என்று போட்டு இரண்டு வரி. முதல் வரி: ஆடி மாதம் டிரைவர் சத்தம் இருப்பதாகச் சொன்னபோது, பிட்டர் கருப்பையா திறந்து பார்க்காமல் வால்வு சத்தம் என்று சொல்லி அனுப்பிவிட்டான். இரண்டாவது வரி: பேரிங் உடைந்த பிறகு டிரைவர் தோல் வைத்து ஓட்டினான். எழுதியதைச் சேவுகனைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். அவனுக்குப் படிக்கத் தெரியாது. கேட்டுவிட்டு, "உங்க பேரையுமா போட்டீக?" என்றான்.

மாலையில் போர்மேன் வந்தார். கை கழுவி, காயும்வரை நின்று, காகிதத்தை வாங்கிப் படித்தார். இரண்டு தரம் படித்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஆடி மாசம் எவ்வளவு நேரம் காது கொடுத்துக் கேட்டீங்க?"

"ஒரு நிமிசம்கூட இருக்காது ஸார்."

"அதையும் எழுதுங்க."

எழுதினேன். அவர் மைக்ரோமீட்டரை வாங்கிக்கொண்டு, மூன்றாவது இடத்தைத் தானே ஐந்தாறு கோணத்தில் அளந்தார். "கடைஞ்சா வட்டத்துக்கு வந்துடும். கடைஞ்ச பிறகும் போதுமான கனம் இருக்கும்" என்றார். "காலையில அந்த அம்மாவிடம் நீங்களே பேசுங்க." என் தப்பைப் பற்றி அன்றும் பிறகும் அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

வெள்ளிக்கிழமை ஆச்சி வில்வண்டியிலிருந்து இறங்கி உள்ளேயே வந்துவிட்டார். அந்தப் பட்டறைக்குள் அப்படி ஒரு வீட்டுப் பெண் வந்து நான் பார்த்ததில்லை. காகிதத்தை வாங்கித் தானே படித்தார். தோலை மேஜைமேல் வைத்தேன். சேவுகன் வாசலருகே துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

"புது என்ஜினுன்னு திங்கக்கிழமை சொன்னீக" என்றார் ஆச்சி.

"தப்பாச் சொல்லிட்டேன் ஆச்சி. ஒரு பேரிங்தான் போயிருக்கு. கிராங்க மதுரைக்குக் கொண்டுபோய்க் கடைஞ்சு, ஈயம் ஊத்தி, வளையம் மாத்துனா இன்னும் பல வருசம் ஓடும். மூணு வாரம் ஆகும்."

"இதுலயும் தப்பு வராதுன்னு என்ன நிச்சயம்?"

"இந்தத் தடவ அளந்து பாத்துச் சொல்றேன் ஆச்சி."

அவர் சேவுகனைப் பார்த்தார். "ஏன்டா, நான் வண்டிய வித்துப்புடுவேன்னு ஒனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலீங்க ஆச்சி. நானா நெனச்சுக்கிட்டேன்."

ஆச்சி காகிதத்தை மடித்தார். போர்மேன் சற்றுத் தள்ளி நின்று எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். நான் அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தேன். எனக்கு இரண்டு பேருடைய வேலையும் அந்த மடிப்புக்குள் இருப்பது போலத் தோன்றியது.

"ரெண்டு பேரும் தப்புத்தான் செஞ்சிருக்கீக" என்றார். "இன்னொரு ஆள வச்சா அவன் புதுசா ஒரு தப்பச் செய்வான். அது என்னன்னு எனக்குத் தெரியாது. இது என்னன்னு தெரிஞ்சுபோச்சு. நீங்களே பூட்டுங்க, அவனே ஓட்டட்டும். மூணு வாரத்துக்கு மேல ஒரு நாளும் ஆகப்புடாது."

காகிதத்தை மட்டும் தன்னோடு எடுத்துக்கொண்டு போனார்.

கிராங்கை வைக்கோல் சுற்றிச் சாக்கில் கட்டி, பஸ்ஸின் கூரையில் ஏற்றி, நானும் கூடவே மதுரைக்குப் போனேன். அங்கே ஓர் ஆலையின் கடைசல் யந்திரத்தில் மூன்றாவது இடத்தை மட்டும் கடைந்து கொடுத்தார்கள். திரும்பி வந்ததும் பேரிங்குக்கு ஈயம் பூசி, சூடேற்றி, வொயிட் மெட்டலை உருக்கி ஊற்றினோம். உருகிய உலோகத்தின் சூடு சரியா என்று பார்க்கப் போர்மேன் ஒரு காய்ந்த குச்சியை அதில் தொடுவார். குச்சி பழுப்பாக வேண்டும், தீப்பிடிக்கக் கூடாது. முதல் தடவை ஊற்றியதில் ஒரு ஊசித்துளை தெரிந்தது. மறுபடி உருக்கினார்.

பிறகு சுரண்டல். கிராங்கில் நீல மையைத் தடவி, பேரிங்கை மாட்டி ஒரு சுற்றுச் சுற்றிக் கழற்றினால், எங்கே முட்டுகிறதோ அங்கே நீலம் ஒட்டும். அந்த இடத்தை மட்டும் சுரண்டியால் மெல்லியதாக எடுக்க வேண்டும். மறுபடி மை, மறுபடி மாட்டல். இரண்டு நாள் அதையே செய்தேன். சேவுகன் கிராங்கைச் சுற்றுவான், நான் சுரண்டுவேன். இரண்டாம் நாள் மத்தியானம் நீலம் பேரிங் முழுக்கச் சீராகப் படிந்து வந்தபோது, "இப்பச் சரிதானண்ணே?" என்று கேட்டான். "நீயே பாரு" என்று அவன் கையில் கொடுத்தேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஓரத்தில் ஒரு பொட்டு இடத்தைக் காட்டினான். அங்கே நீலம் இல்லைதான். மறுபடி சுரண்டினேன்.

வண்டி சொன்ன தவணைக்கு இரண்டு நாள் முன்னாலேயே முடிந்தது. தேக்கு முழுவதும் மழைக்கு முன்னால் நேமத்தான்பட்டி போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த என்ஜினை அதன் பிறகு நான் இரண்டு தடவை வளையம் மாற்றத் திறந்திருக்கிறேன். மூன்றாவது பேரிங்கைத் தொட வேண்டி வரவில்லை. சேவுகன் கடைசிவரை அந்த வண்டியிலேயே இருந்தான்.

தேக்கு ஏற்றப் போவதற்கு முன், வண்டியைச் சோதித்துப் பார்த்த முதல் ஓட்டத்தைச் சொல்ல வேண்டும். பாதி லோடு கல் ஏற்றி, பிள்ளையார்பட்டி வரை போய்த் திரும்புவது என்று ஏற்பாடு. சேவுகன் ஓட்டினான், போர்மேன் நடுவில், நான் ஓரத்தில். வேகம் கூட்டாமல் போனோம். எண்ணெய் அழுத்தம் சரியாக இருந்தது, புகை இல்லை. கோயில் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், திடீரென்று சேவுகன் வண்டியை ஓரம்கட்டி நிறுத்தினான். ஆனால் என்ஜினை அணைக்கவில்லை.

"அண்ணே, ஒரு சத்தம் கேக்குது."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இறங்கினேன். உச்சி வெயில், சாலையில் கால் வைக்க முடியவில்லை. பானெட்டைத் திறந்து, ஒரு மரக்குச்சியின் ஒரு நுனியை என்ஜினில் ஊன்றி மறுநுனியைக் காதில் வைத்து நான்கு சிலிண்டரையும் கேட்டேன். ஒவ்வொரு பிளக்காக வெட்டிக் கேட்டேன். அடியில் மல்லாந்து படுத்துத் தொட்டியில் காதை வைத்துக் கேட்டேன். கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். போர்மேன் இறங்கிச் சாலையோரத்தில் நின்றார். அவசரப்படுத்தவில்லை. அரை மணி நேரம் கழித்து, பின் பலகையின் கொண்டி ஒன்று கழன்று, என்ஜின் அதிர்வுக்கு இரும்பில் தட்டிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்தேன். விரலால் பிடித்தேன், சத்தம் நின்றது. விட்டேன், மறுபடி தட்டியது.

"இதானா?" என்று கேட்டேன்.

"இதான்" என்றான் சேவுகன்.

நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. கம்பி எடுத்துக் கொண்டியை இறுக்கிக் கட்டினேன். சேவுகன் இறங்கி வந்து, நான் கட்டிய கம்பியைக் கையால் ஆட்டிப் பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தான்.